வீட்டை விட்டுச் செல்லும் இரு நீர்

வீடு கட்ட முற்படும் குடும்பஸ்தர் ஒருவர், கிணறு எந்த மூலையில் அமைய வேண்டும், எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் கிடைக்கும், அது உப்பா நன்னீரா, அதை மாடித் தொட்டிக்கு ஏற்ற எத்தனை குதிரைசக்தி மோட்டார் வேண்டும் என்பவற்றையெல்லாம் பல நாள் விசாரித்து, நாலு பேரிடம் யோசனை கேட்டு, வாஸ்து அறிந்தவரையும் அழைத்து வந்து நிச்சயம் செய்கிறார். ஆனால், அவ்வாறு அரும்பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த நீர், உபயோகமான பிறகு எந்த வழியாக, எந்தச் சரிவில் ஓடி, எங்கே போய்ச் சேரப் போகிறது என்று கேட்டால், அதெல்லாம் கொத்தனாரும் பிளம்பரும் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று சொல்லிவிடுகிறார். வெளியேறும் நீரைப் பற்றிய இந்த அசிரத்தைதான் நம் வீடுகளில் உண்டாகும் துர்நாற்றத்துக்கும் கொசுவுக்கும் சுவரில் ஏறும் ஈரத்துக்கும் பெரும்பாலும் காரணம். அது வீட்டுக்காரரோடு நின்றாலும் பாதகமில்லை; தெருவிலுள்ள மற்றவர்களையும், அவர் முகம் அறியாத சில தொழிலாளிகளையும் போய்த் தாக்குவதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டடத்தை விட்டு வெளியேறும் நீர் இரண்டு வகைப்படும். சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகியவற்றிலிருந்து வருவது கழிவுநீர். மொட்டைமாடியிலும் கூரையிலும் முற்றத்திலும் விழுந்து ஓடுவது மழைநீர். இரண்டின் சுபாவமும் முற்றிலும் வேறு. கழிவுநீர் அளவிற் சிறியது, ஆனால் ஆண்டின் 365 நாளும் தவறாமல் வருவது. அசுத்தமும் நோய்க்கிருமிகளும் நிறைந்தது. மூடிய குழாயிலேயே ஓடி, சுத்திகரிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. மழைநீரோ, பல மாதங்கள் ஒரு துளியும் வராமல் இருந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சில் வந்து கொட்டுவது, ஏறக்குறையச் சுத்தமானது, மண்ணுக்கோ குளத்துக்கோ கடலுக்கோ நேரே போகத் தகுந்தது. ஒன்றுக்கு ஏற்ற பாதை மற்றொன்றுக்கு ஏற்றதாகாது.

இந்த வேற்றுமையை எண்களில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பருமன் விளங்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்று கணக்கிடுவது நம் நாட்டுப் பொறியாளர் வழக்கம். அவ்வளவும் சாக்கடைக்கே போகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஐவர் உள்ள குடும்பம் ஒன்றின் கழிவுநீர் நாளொன்றுக்கு 675 லிட்டர்தான். அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு 1000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர், மொட்டைமாடி இருக்கிறதென்று கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சென்னையில் வடகிழக்குப் பருவமழை காலத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்வது அதிசயமான காரியம் அன்று. அப்படிப் பெய்யும் ஒரு மணி நேரத்தில் அந்த மாடியிலிருந்து மட்டும் 4,650 லிட்டர் நீர் இறங்குகிறது. அந்தக் குடும்பம் ஏறக்குறைய ஒரு வாரம் முழுவதும் வெளியேற்றும் கழிவுநீரின் அளவு அது. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் விழுவதை இதில் சேர்க்கவில்லை. ஆகவே, மாடியின் மழைக்குழாயைக் கொண்டுபோய்க் கழிவுநீர் சேம்பரில் செருகிவிடும் வீட்டுக்காரர், ஒரு வாரத்துச் சாக்கடையை ஒரு மணி நேரத்தில் தெருக்குழாயின் தலையில் சுமத்துகிறார். ஒரு தெருவில் முப்பது வீட்டுக்காரர்கள் இப்படிச் செய்தால் அந்தத் தெருவில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

இரு நீரையும் கலந்ததால் ஒரு மாநகரமே பட்ட பாட்டுக்கு லண்டன் சாட்சி. 1815-ஆம் வருஷம் வரையில் அந்நகரத்துத் தெருச் சாக்கடைகளில் வீட்டு மலஜலத்தை விடுவது சட்டப்படி குற்றம். அவை மழைநீரைத் தேம்ஸ் நதியில் சேர்ப்பதற்கென்றே ஏற்பட்டவை. மலஜலம் வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ இருந்த குழிகளில் தங்கும். அதை அள்ளி வயல்களுக்கு எருவாகக் கொண்டுபோக ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நவீனக் கழிப்பறைகள் பெருகப் பெருக அந்தக் குழிகள் நிரம்பி வழிந்தன. அதற்குப் பரிகாரமாக முதலில் வீட்டுக் கழிவை மழைச் சாக்கடையில் விட அனுமதித்தார்கள். 1840-களின் பிற்பகுதியில், விட்டே தீர வேண்டும் என்று கட்டாயமும் செய்தார்கள். வீடுகள் சுத்தமாயின, நதி சாக்கடையாயிற்று. குடிநீருக்கும் அந்த நதியையே நம்பியிருந்த ஜனங்களை 1848-49-லும் 1853-54-லும் காலரா வாரிக்கொண்டு போயிற்று. 1854-இல் பிராட் தெருவில் இருந்த கைப்பம்பே அந்த வட்டாரத்துக் காலராவின் ஊற்று என்று ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் நிரூபித்தாரே, அந்தப் பம்பின் கிணற்றைப் பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, சில அடி தூரத்தில் இருந்த ஒரு வீட்டின் மலக்குழிச் சுவர் சிதைந்து, உள்ளிருந்தது கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்த அந்த விபரீதத்தின் மூலம், ஒரு தனி வீட்டின் சாக்கடையில் காரை உதிர்ந்துபோன செங்கற்கள்.

1858-ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பொறுக்க முடியாமல் நதிக்கரையில் இருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதன்பின் ஜோசப் பேசல்கெட் என்ற பொறியாளர், நதியில் விழவிருந்த சாக்கடைகளையெல்லாம் குறுக்கே இடைமறித்து நகரத்துக்குக் கிழக்கே கொண்டுசெல்லும் 82 மைல் நீளப் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். மகத்தான நிர்மாணம், இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் அவரும் இரு நீரையும் ஒரே பாதையில்தான் விட வேண்டியிருந்தது. ஊர் ஏற்கனவே அப்படி ஆகிவிட்டது. பெருமழை பெய்யும்போது கலந்த நீர் நிரம்பி மீண்டும் நதியிலேயே விழுந்தது. அதைத் தடுக்கத் தேம்ஸ் நதிக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புதிய சுரங்கத்தை வெட்டி, 2025-இல்தான் முழுவதையும் இணைத்து முடித்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலந்த நீருக்கு இருபத்தோராம் நூற்றாண்டில் இவ்வளவு பெரிய பரிகாரம் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தார் வேறு வழியை எடுத்தார்கள். 1878-இல் மஞ்சட்காய்ச்சலுக்கு ஐயாயிரம் பேருக்கு மேல் பலி கொடுத்த அவ்வூரில், 1880-இல் ஜார்ஜ் வாரிங் என்பவர், மழைநீருக்கு இடமே கொடாத சிறிய குழாய்களைக் கழிவுநீருக்கென்று தனியாகப் பதித்தார். மஞ்சட்காய்ச்சலைப் பரப்புவது சாக்கடை வாடையன்று, கொசு என்பது பிற்பாடே தெரியவந்தது. அவர் கொண்ட காரணம் பிழையானாலும், கொண்ட முறை நிலைத்தது. கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு ஒரு வடிகால் என்னும் தனித்தனி ஏற்பாட்டையே பின்னாளில் எழுந்த நகரங்கள் பெரும்பாலும் மேற்கொண்டன.

சென்னையிலும் அந்த ஏற்பாடுதான். பாதாள சாக்கடையைப் பார்த்துக்கொள்வது, 1978-இல் ஏற்பட்ட சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். மழைநீர் வடிகாலைப் பார்த்துக்கொள்வது மாநகராட்சி. நகரமோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில், தட்டையாகக் கிடக்கிறது. சரிவு வேண்டுமென்றால் குழாயைப் பூமிக்குள் ஆழமாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு ஆழத்துக்கு மேல் முடியாதாகையால் அங்கங்கே கழிவுநீரேற்று நிலையங்களை வைத்து, சேர்ந்த நீரை மேலே தூக்கி மறுபடி ஓடவிடுகிறார்கள். இப்படிப் பம்பின் சக்தியை அளந்து அமைத்த ஓர் ஏற்பாட்டில், வீடுகளின் மழைநீர் திருட்டுத்தனமாகப் புகுமானால், பம்புகள் ஈடுகொடுக்க மாட்டாமல் குழாய்கள் நிரம்பி, மேன்ஹோல் மூடிகள் எழும்பி, மலஜலம் தெருவில் ஓடுகிறது. ஜனங்கள் அதை மழைவெள்ளம் என்றே நினைத்துக் கால் நனைத்து நடக்கிறார்கள்.

மழை இரவில் நடக்கும் ஒரு காரியம் நம் ஊரில் மிகச் சாதாரணமாகிவிட்டது. முற்றத்தில் முழங்கால் நீர் நிற்கிறது. வெளியே போக வழியில்லை. யாராவது ஒருவர் கடப்பாரையை எடுத்துவந்து சேம்பர் மூடியை நெம்பித் திறந்துவிடுகிறார். நீர் சுழித்துக்கொண்டு உள்ளே போகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த நீரோடு மணலும் சருகும் பிளாஸ்டிக் பையும் போகின்றன என்பதையோ, தெருவின் தாழ்ந்த கோடியில் உள்ள வீட்டின் தரைத்தளக் கழிப்பறையில் அதே நேரத்தில் பீங்கான் வழியே கறுப்பு நீர் மேலேறி வருகிறது என்பதையோ அவர் அறியார். கொடியவர் அல்லர், அவசரத்தில் செய்கிறார். ஆனால் செயலின் பலன் கொடியதாகவே முடிகிறது.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. பாதாள சாக்கடை இல்லாத தெருவிலும், இருந்தும் இணைப்புக் கட்டணம் கட்ட மனமில்லாத இடத்திலும், கழிவுநீரை இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுகிறார்கள். வடிகாலோ நேரே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போவது. அதன் வழியில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை. வறண்டு கிடக்க வேண்டிய வடிகாலில் சித்திரை மாசத்திலும் நீர் தேங்கி நிற்பதைக் கண்டால், அது மழைநீர் அன்று என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி வீட்டுக்குள் வருவோம். தெருச் சாக்கடையோடு நம் குளியலறைக்கு நேரடியான தொடர்பு இருக்கிறது. அப்படியிருந்தும் அதன் நாற்றமும் கரப்பான் பூச்சியும் விஷவாயுவும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது எது? கதவன்று, மூடியன்று, இரண்டங்குல உயரத் தண்ணீர். கழிப்பறைப் பீங்கானின் அடியிலும், குளியலறைத் தரையில் பதித்த நானி டிராப்பிலும், சமையலறைத் தொட்டிக்குக் கீழும் குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். வேண்டாத நீர் அதைத் தள்ளிக்கொண்டு அந்தப்பக்கம் போய்விடும். ஆனால் வாயு அதைக் கடந்து இந்தப்பக்கம் வர முடியாது. இந்த நீர்த்தடையைக் கழிப்பறையோடு சேர்த்து, 1775-இல் காப்புரிமை பெற்றவர் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் தொழிலால் கடிகாரம் செய்பவர். அசையும் உறுப்பு ஒன்றும் இல்லாமல், தேய்மானமே இல்லாமல் வேலை செய்யும் இவ்வளவு எளிய காவல் வேறொன்றை மனிதன் கண்டுபிடித்திருக்கிறானா என்று எனக்குச் சந்தேகம்.

எளியதாயினும் அதற்கு அபாயங்கள் உண்டு. அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலிருந்து கீழ்வரை நிற்கும் கழிவுக்குழாயில் நீர் விழும்போது, அது குழாயை அடைத்துக்கொண்டு ஒரு திரளாக விழுவதில்லை. குழாயின் உட்சுவரை ஒட்டிப் படலமாக வழிந்து, நடுவில் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறது. முப்பதாம் மாடியிலிருந்து விழும் நீர் அடித்தளக் குழாயை உடைத்துவிடாதா என்று பலர் அஞ்சுவதுண்டு. சுவரின் உராய்வு காரணமாக, ஏறக்குறைய ஒரு மாடி உயரத்துக்குள்ளாகவே அந்த நீர் தன் உச்ச வேகத்தை அடைந்துவிடுகிறதாகையால், அதற்குமேல் எத்தனை மாடி இருந்தாலும் வேகம் கூடுவதில்லை. உபத்திரவம் வேகத்தால் வருவதன்று, காற்றால் வருவது. இறங்கும் நீர் காற்றை இழுப்பதால் அதற்கு மேலே உள்ள கிளைக்குழாய்களில் வெற்றிடம் போன்ற நிலை உண்டாகி, இளநீரை உறிஞ்சுகுழலால் உறிஞ்சுவதுபோல், டிராப்பில் நின்ற நீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதே நீர் அடியில் வந்து படுக்கைக் குழாயில் திரும்பும் இடத்தில் தேங்கிக் குதிப்பதால், அங்கே அகப்பட்ட காற்று எதிர்ப்பக்கம் தள்ளி, தரைத்தளக் கழிப்பறையில் கொப்புளம் விட்டுக் கிளம்பும். முதற்கேட்டை நீக்கத்தான், கழிவுக்குழாயை மாடிக்கு மேலும் நீட்டி, வலைத்தொப்பி போட்டு, ஆகாயத்துக்குத் திறந்து வைக்கிறார்கள். பெரிய கட்டடங்களில் காற்றுக்கென்று வென்ட் பைப் ஒன்றைத் தனியாகவும் நிறுத்துகிறார்கள். இரண்டாவதை நீக்கத் தரைத்தளத்தை அந்த நெடுங்குழாயில் சேர்க்காமல் தனியே சேம்பருக்குக் கொண்டுபோக வேண்டும். மொட்டைமாடியில் துருத்திக்கொண்டு நிற்கும் குழாய் அழகைக் கெடுக்கிறதென்று அதை வெட்டி மூடிவிடுகிறவர்கள், கீழேயுள்ள அத்தனை வீடுகளின் நீர்த்தடையையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

உறிஞ்சலும் தள்ளலும் இல்லாமலே நீர்த்தடை அழிவதற்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு: உபயோகம் இல்லாமல் உலர்ந்துபோதல். இதன் விளைவு எவ்வளவு பயங்கரமாக இருக்கக்கூடும் என்பதை 2003-ஆம் வருஷம் ஹாங்காங் காட்டியது. கௌலூன் பகுதியில் அமோய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு. அதில் ஈ பிளாக் என்பது 33 மாடி, மாடிக்கு எட்டு வீடு. ஒவ்வொரு வரிசை வீடுகளுக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரே கழிவுக்குழாய். அவ்வருஷம் மார்ச் மாசத்தில், சார்ஸ் என்ற புதிய சுவாச நோயோடும் வயிற்றுப்போக்கோடும் இருந்த ஒருவர், அந்த பிளாக்கில் வசித்த தம் சகோதரர் வீட்டுக்கு வந்து தங்கிக் கழிப்பறையை உபயோகித்துவிட்டுப் போனார். அடுத்த சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் நோய் கண்டவர்கள் 300-க்கும் மேற்பட்டவர்கள். இறந்தவர்கள் 40-க்கும் மேல். ஒருவரையொருவர் சந்திக்காதவர்கள், வேறு வேறு மாடிகளில் இருந்தவர்கள், ஒரே குழாய் வரிசையில் மேலும் கீழுமாக நோயுற்றது விசாரணை செய்தவர்களைத் திகைக்க வைத்தது. மார்ச் 31-ஆம் தேதி அந்த பிளாக்கைத் தனிமைப்படுத்தி, மறுநாள் அங்கிருந்தவர்களை வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

காரணம் குளியலறைத் தரையில் இருந்தது. அங்கே குடியிருந்தவர்களில் பலர் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை. ஈரத்துணியால் துடைப்பதே பழக்கம். ஆகவே தரையிலுள்ள வடிகாலின் டிராப்பில் நீர் உலர்ந்துபோய், கழிவுக்குழாய் நேரே குளியலறையில் திறந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு காற்றாடியைப் போட்டால், அது வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக, அந்த ஓட்டை வழியே குழாயினுள் இருந்த காற்று கிருமி கலந்த நுண்துளிகளோடு உள்ளே இழுக்கப்பட்டது. காற்றாடி அதை வெளியே கட்டடத்தின் ஒடுங்கிய இடைவெளியில் தள்ள, அங்கிருந்து மேலேறி மற்ற வீடுகளின் ஜன்னல்களிலும் புகுந்தது. வென்ட் குழாயில் ஓரிடத்தில் இருந்த வெடிப்பும் இதற்குத் துணைசெய்தது. அதன்பிறகு ஹாங்காங் அரசாங்கம், வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் அரை லிட்டர் நீர் ஊற்றுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லத் தொடங்கியது. நம் வீடுகளில் தினமும் குளித்த நீர் தரையில் ஓடி நானி டிராப்பில் விழுவதால் அது இயல்பாகவே நிரம்பியிருக்கிறது. ஆயினும் இங்கும் மேல்நாட்டுப் பாணியில் குளியலறையை ஈரப்பகுதி, உலர்பகுதி என்று பிரித்துக் கண்ணாடி வைக்கும் வழக்கம் பரவிவருகிறது. உலர்ந்த பகுதியிலுள்ள டிராப்பில் கை கழுவும் பீங்கானின் நீராவது போய் விழும்படி இணைப்பது அவசியம். வெளிநாட்டில் பிள்ளைகளோடு ஆறு மாசம் தங்கிவிட்டுத் திரும்பும் பெற்றோர்கள், வீட்டைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வது எலி செத்ததனாலன்று. புறப்படும்போது ஒவ்வொரு டிராப்பிலும் நீரூற்றி, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் விட்டுப் போனால் அது உலர வெகுநாளாகும்.

குழாயின் சரிவைப் பற்றிப் பழைய பொறியாளர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருந்தார்கள்: 4 அங்குலக் குழாய்க்கு 40 அடியில் ஓரடி, 6 அங்குலக் குழாய்க்கு 60 அடியில் ஓரடி. நீர் நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் கூடவரும் திடப்பொருளை அது தள்ளிக்கொண்டு போகும். மெதுவாக ஓடினால் பொருள் தங்கும், தங்கியது தடித்து அடைக்கும். சமையலறையில் வடையும் அப்பளமும் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டுவது இதனினும் கெடுதல். சூடு ஆறியதும் குழாயின் சுவரில் அது படிந்து இறுகுகிறது. 2017-இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் இப்படிச் சேர்ந்து இறுகிய கொழுப்புத் திரள் ஒன்று 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது.

அடைப்பு வந்தே தீரும் என்று எதிர்பார்த்துக் கட்டுவதுதான் அறிவு. 4500 வருஷங்களுக்கு முன் மொகஞ்சதாரோவில் வீடு கட்டியவர்களுக்கு அந்த அறிவு இருந்தது. அவர்கள் குளியலறை நீரைச் சுவரில் அமைத்த வழியால் தெருவுக்குக் கொண்டுவந்து, செங்கல் வடிகாலில் விட்டு, மேலே கல்லும் செங்கல்லும் பரப்பி மூடினார்கள். ஆனால் அந்த மூடிகளைக் காரை பூசி ஒட்டிவிடவில்லை, எடுத்துச் சுத்தம் செய்ய வசதியாக விட்டிருந்தார்கள். நடுநடுவே கசடு தங்குவதற்குத் தொட்டிகளும் வைத்தார்கள். நம் கீழடியிலும் ஒன்றனுள் ஒன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. குழாய் திரும்பும் இடந்தோறும், இரண்டு குழாய் கூடும் இடந்தோறும் ஒரு சேம்பர் வேண்டும் என்று இக்காலப் பொறியியல் விதிப்பது, மூடியைத் திறக்கும்படி வைத்த அந்த மூதாதையரின் யோசனையேதான். இன்று அழகிய டைல்ஸ் பதிக்கும் ஆசையில் சேம்பர்களைத் தரைக்கடியில் புதைத்துவிட்டு, அடைத்துக்கொண்ட பிறகு எங்கே இருந்தது என்று தேடித் தரையை உடைக்கும் வீடுகள் ஏராளம்.

மழைநீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. அது தன் வழியைத் தானே தேடிக்கொள்வது. மாடித் தளத்தைச் சரியான சாய்வில் தட்டோடு பதித்து முடித்து, போதிய குழாய்களை வைத்தால் போதும். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில், 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 85 சதுர மீட்டர் மாடிக்கு ஈடுகொடுக்கும். மழை இரட்டித்தால் அதில் பாதிப் பரப்புக்குத்தான் ஆகும். செலவை மிச்சம் பிடித்து ஒற்றைக் குழாயோடு நிறுத்திவிட்டு, அதன் வாயையும் சருகு அடைத்துக்கொள்ளும்போது மாடி குளமாகிறது. செட்டிநாட்டு ஊர்களைக் கட்டியவர்கள், கூரையில் விழும் நீரை முற்றத்தில் இறக்கி, வேண்டிய மட்டும் அண்டாக்களில் பிடித்துக்கொண்டு, மிகுந்ததை வாய்க்கால் வழியே ஊருணிக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேமிக்கும் அமைப்பு வேண்டுமென்று 2003-இல் சட்டம் வந்தபோது, அந்தப் பழைய நியாயத்துக்கே சட்டத்தின் பலம் கிடைத்தது. ஆனால் அந்த அமைப்பில் மாடி நீரைத் தவிர வேறு எதுவும் சேரக் கூடாது. துணி துவைத்த நீரையும் செப்டிக் டேங்கின் வழிநீரையும் மழைநீரை மண்ணில் இறக்கும் அதே உறைகிணற்றில் விட்டால், நாம் குடிக்கும் கிணற்றுக்கு நம் கையாலேயே பிராட் தெருவை உண்டாக்குகிறோம். அப்படியே மழைநீரைச் செப்டிக் டேங்கில் விடுவதும் தவறு. அங்கே கழிவு அசையாமல் தங்கி, கசடு கீழும் நுரை மேலுமாகப் பிரிந்து, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களால் சிதைய வேண்டும். வெள்ளம் புகுந்தால் கசடு கலங்கி, வழிநீரை மண்ணில் விடும் அடுத்த குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. பிறகு தொட்டி சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் ஆளைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஆளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூடிக் கிடந்த தொட்டியிலும் மேன்ஹோலிலும் அழுகிய பொருளிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் நாசியின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று எண்ணி இறங்குபவன் அப்போதுதான் பெரும் அபாயத்தில் இருக்கிறான். அது காற்றைவிடக் கனமானதாகையால் அடியில் தங்குகிறது. பிராணவாயுவோ அங்கே இல்லை. ஒருவன் மயங்கி விழுவதைக் கண்டு அவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும், அவன் பின்னே மூன்றாமவனும் மாண்டுபோகும் செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அவற்றுள் பல, நகரத்தின் பெருஞ்சாக்கடையில் நிகழ்ந்தவை அல்ல. வீடுகளின், ஹோட்டல்களின், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சொந்தத் தொட்டிகளில் நிகழ்ந்தவை. இறந்தவர்கள் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் இந்தத் தேசத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெஸ்வாடா வில்சன் போன்றவர்கள் இந்த அநியாயத்தை எதிர்த்து வாழ்நாளைச் செலவிட்டுவருகிறார்கள்.

2013-ஆம் வருஷச் சட்டத்தின்படி, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கி வேலை வாங்குவது குற்றம். முதல் முறைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசாங்கத்துக்கு மட்டும் ஏற்பட்ட சட்டமன்று இது. தம் வீட்டுத் தொட்டிக்கு ஆள் அமர்த்தும் தனி மனிதரையும் கட்டுப்படுத்துவது. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டியை லாரியின் குழாயைக் கொண்டு உறிஞ்சலாம். தெருக்குழாயின் அடைப்பை உயர் அழுத்த நீரைப் பாய்ச்சும் ஜெட்டிங் இயந்திரத்தால் நீக்கலாம். மேன்ஹோலுக்குள் இறங்கித் தூர்வாரும் இயந்திர மனிதனைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறக்கிக் காட்டினார்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய உரிமம் பெற்ற லாரியை அழைப்பதற்கு 14420 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

ஆனால் இயந்திரத்தின் குழாய் போய்ச் சேர வழி இருக்க வேண்டும். தொட்டியின் மூடிக்கு மேல் கார் நிறுத்தும் கொட்டகையைக் கட்டிவிட்ட வீட்டிலும், நாற்பதடி நீளக் குழாய்க்கு இடையில் ஒரு சேம்பர்கூட இல்லாத வீட்டிலும், எந்தக் குழாய் எங்கே போகிறதென்று காட்டும் வரைபடத்தைக் கட்டியவர் கொடுக்காமலே போய்விட்ட குடியிருப்பிலும், இயந்திரம் வாசலில் நிற்க, மனிதனைத்தான் இறக்குகிறார்கள். வீடு கட்டுகிறவரும் வாங்குகிறவரும் பத்திரத்தோடு அந்த வரைபடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை.